கடிதங்கள் எங்கே? ‘ஒன் ஸ்டெப் பியாண்ட்’ தொடரில் சாட்சியமும் காலவரிசையும்

1. கேள்வி

அமெரிக்காவின் ஏபிசி தொலைக்காட்சியில் 1959 ஜனவரி 20 அன்று தொடங்கி 1961 ஜூலை வரை ஓடிய ‘ஒன் ஸ்டெப் பியாண்ட்’, 96 பகுதிகள் கொண்ட கறுப்பு வெள்ளைத் தொடர். வாரம் ஒரு கதை, அரைமணி நேரம். அடுத்த வாரம் வேறு மனிதர்கள், வேறு ஊர், வேறு காலம். மாறாமல் வந்தவர் ஒருவர்தான்: கதைகளை இயக்கியவரும் திரையில் தோன்றி அவற்றை அறிமுகம் செய்தவருமான ஜான் நியூலண்ட். தொடரை உருவாக்கியவர் மெர்வின் ஜெரார்ட். தயாரிப்பாளர் கோலியர் யங். செலவை ஏற்றுக்கொண்டது அல்கோவா என்ற அலுமினிய நிறுவனம். இறந்தவளின் ஆவி புதுமணப்பெண்ணின் உடலில் புகுவது, நடக்கப்போவதைக் கனவில் காண்பது, தொலைவில் இருப்பவருக்கு நேர்ந்த ஆபத்தை உணர்வது என்று கதைகளின் பொருளில் புதுமை ஒன்றும் இல்லை. புதுமை அவற்றோடு சேர்த்துக் கொடுக்கப்பட்ட உறுதிமொழியில் இருந்தது. இவை கற்பனை அல்ல, மனிதர்களுக்கு நேர்ந்து பதிவாகியிருப்பவை என்றார் நியூலண்ட். விளக்கவும் எங்களால் இயலாது, பொய்யென்று நிறுவவும் இயலாது என்றும் சேர்த்துக்கொண்டார்.

இந்த உறுதிமொழியின் பெறுமானம் என்ன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. முன்னுணர்வு என்ற ஒன்று உலகில் உண்டா என்பது இங்கே தீர்க்கப்படப்போவதில்லை. தீர்க்க வேண்டிய அவசியமும் இல்லை. பதிவில் இருப்பதாகச் சொல்லப்படும் ஒரு சம்பவம் நாடகமாக ஆகும்போது, அந்தச் சம்பவத்துக்கு ஏற்கனவே இருந்த சாட்சியத்துக்கு என்ன நேர்கிறது என்பதை மட்டும் ஆராயலாம்.

2. இதுவரையான இரு பார்வைகள்

தொடரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் இரண்டு திசைகளில் போகிறது. முதலாவது தொலைக்காட்சி வரலாற்றுக்காரர்களுடையது. 1959 அக்டோபர் 2 அன்று சிபிஎஸ் நிலையத்தில் ராட் செர்லிங்கின் ‘ட்வைலைட் ஸோன்’ தொடங்கி 156 பகுதிகள் ஓடிப் பெரும்புகழ் பெற்றது. அதற்குச் சில மாதங்கள் முன்னரே பிறந்தும் அதன் நிழலில் மறைந்துபோன மூத்தவன் ‘ஒன் ஸ்டெப் பியாண்ட்’ என்பது இவர்கள் கணிப்பு. செர்லிங்கின் கதைகளில் கடைசித் திருப்பம் இருக்கிறது, நீதி இருக்கிறது. நியூலண்டின் கதைகளோ சப்பென்று முடிகின்றன என்பார்கள். இரண்டாவது, ஐயவாதிகளுடையது: உண்மைச் சம்பவம் என்ற முத்திரை வெறும் வியாபாரத் தந்திரம், சிறியதைப் பெரிதாக்கிக் காட்டுவதே அதன் வேலை.

இரண்டிலும் உண்மை உண்டு; இரண்டும் மையத்தைத் தொடாமல் போகின்றன. செர்லிங் கதையைப் புனைகிறார். ஆகவே தீயவனைத் தண்டிக்கவும், பேராசைக்காரனை அவன் ஆசையாலேயே வீழ்த்தவும் அவருக்கு முழு உரிமை உண்டு. நியூலண்டுக்கு அந்த உரிமையை அவருடைய உறுதிமொழியே மறுத்துவிடுகிறது. நடந்ததாகச் சொன்ன ஒன்றுக்கு அவ்வளவு கச்சிதமான முடிவு இருந்தால் நடந்தது என்பதையே யாரும் நம்பமாட்டார்கள். அவருடைய பல கதைகள் முடிவதில்லை, நின்றுவிடுகின்றன. கோட்டும் டையுமாகக் காட்சிக்குள் நடந்து வருகிறார், குரலை உயர்த்தாமல் சில வாக்கியங்கள் பேசுகிறார், போய்விடுகிறார். இதைக் குறையாக எண்ணுவதைவிட, உறுதிமொழிக்கு நேர்மையான கலைவடிவம் என்று கொள்வதே பொருத்தம். கலை என்ற அளவில் தொடரின் பலமே இதுதான் என்றும் சொல்லத் தோன்றுகிறது. ஐயவாதிகளின் குற்றச்சாட்டிலோ வேறொரு போதாமை. மிகைப்படுத்தல்தான் சிக்கல் என்றால், மிகைப்படுத்தாத பகுதி ஒன்றைக் காட்டியதும் வழக்கு தள்ளுபடியாகிவிடும். எழுதிவைத்ததில் ஒரு சொல்லும் கூட்டாமல் படமாக்கினாலும் தப்பமுடியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. அது காலவரிசை பற்றியது.

3. 1887இல் எழுந்த ஒரு வினா

இத்தகைய அனுபவங்களை முறையாகச் சேகரிக்கும் முயற்சி தொலைக்காட்சிக்கு முக்கால் நூற்றாண்டு மூத்தது. 1882இல் லண்டனில் உளவியல் ஆய்வுச் சங்கம் அமைந்தது. அதன் சார்பில் எட்மண்ட் கர்னி, ஃபிரெடரிக் மையர்ஸ், ஃபிராங்க் பாட்மோர் ஆகிய மூவர் 1886இல் வெளியிட்ட ‘ஃபேண்டஸம்ஸ் ஆஃப் தி லிவிங்’ என்ற பெருநூல், தொலைவில் ஒருவர் இறக்கும் தறுவாயில் அவர் உருவம் மற்றொருவர்முன் தோன்றியது போன்ற 702 நிகழ்வுகளைத் தொகுத்தது. தொகுத்தவர்கள் ஏமாளிகள் அல்லர். சாட்சிகளைக் கடிதம் எழுதிக் குடைந்தார்கள், நேரில் போய் விசாரித்தார்கள். அடுத்த ஆண்டே ‘நைன்டீன்த் செஞ்சுரி’ இதழில் டெய்லர் இன்னஸ் என்ற ஸ்காட்லாந்து வழக்கறிஞர் ஒரே ஒரு வினாவால் நூலின் அடித்தளத்தை அசைத்தார். மரணச் செய்தி வந்துசேரும் முன்பே தோற்றத்தைக் கண்டதாக இத்தனை பேர் சொல்கிறார்களே, அதிர்ச்சியில் அன்றே யாருக்காவது எழுதியிருப்பார்களே, அஞ்சல் முத்திரையோடு கூடிய அந்தக் கடிதங்கள் எங்கே? சாட்சிகள் பலர் எழுதியதாகச் சொன்னார்கள். எடுத்துக் காட்டத்தக்க கடிதம் ஏறக்குறைய இல்லை.

இந்த வினா வெறும் வழக்கறிஞர் சாமர்த்தியம் இல்லை என்பதற்கு அதற்கும் முந்தைய ஒரு நிகழ்வே சான்று. ஷாங்காயில் பிரிட்டிஷ் தலைமை நீதிபதியாக இருந்த சர் எட்மண்ட் ஹார்ன்பி, 1875இல் ஓர் இரவு பத்திரிகை ஆசிரியர் ஒருவர் தம் படுக்கையறைக்கு வந்து மறுநாள் தீர்ப்பின் சுருக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனதாகவும், அதே நேரத்தில் அவர் தம் வீட்டில் இறந்துகிடந்ததாகவும் கூறினார். பக்கத்தில் இருந்த மனைவியும் உறுதி செய்தார். 1884இல் அச்சேறிய இக்கதையை ஷாங்காயை அறிந்த ஃபிரெடரிக் பால்ஃபர் சரிபார்த்தார். அந்த ஆசிரியர் இறந்தது இரவில் அல்ல, காலையில். தீர்ப்பு எதுவும் அன்று வழங்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஹார்ன்பி அந்த மனைவியை மணந்ததே சில மாதங்கள் கழித்து. நீதிபதி பொய் சொல்லவில்லை. கர்னியும் மையர்ஸும்கூட அவருடைய நாணயத்தை ஐயுறவில்லை. சில ஆண்டு இடைவெளியில் நினைவே ஒரு நிகழ்ச்சியைக் கட்டியெழுப்பி, அதற்குச் சாட்சியையும் படுக்கையில் உட்காரவைத்துவிட்டது.

இதிலிருந்து கிடைக்கும் அளவுகோல் எளிமையானது. முன்னுணர்வின் சாட்சிய மதிப்பு முழுவதும் ‘முன்’ என்பதில் தங்கியிருக்கிறது. கனவு எவ்வளவு துல்லியமானது, கண்டவர் எவ்வளவு நாணயமானவர், எத்தனை பேர் நம்பினார்கள் என்பவையெல்லாம் அதற்கு அடுத்த நிலையில் வருபவை. நிகழ்வுக்கு முன் எழுதப்பட்ட தடயம் இல்லையென்றால், எஞ்சுவது நிகழ்வுக்குப் பின் சொல்லப்பட்ட ஒரு கதை.

4. படக்கருவி எழுதும் கடிதம்

அரைமணி நேர நாடகத்தில் இந்தக் கதை எப்படி அமைகிறது? முதலில் கனவுக் காட்சி. பிறகு பயம், வீட்டாரின் ஏளனம். பிறகு விபத்து. கதை சொல்வதற்கு இதைவிட இயல்பான வரிசை இல்லை. ஆனால் ஆவணக் கட்டில் வரிசை நேர் எதிரானது: முதலில் விபத்து, பிறகு, சில சமயம் ஆண்டுகள் கழித்து, முன்பே கனவு கண்டதாக ஒரு கூற்று. ஐயம் எழுவதற்கு இடமே இந்தத் தலைகீழ் வரிசைதான். நாடகம் அதை நேராக்கிவிடும்போது ஐயம் நிற்க இடமில்லாமல் போகிறது. விபத்துக்குப் பதினைந்து நிமிடம் முன்பாகவே கனவைப் பார்வையாளர் தம் கண்ணால் பார்த்துவிடுகிறார். இன்னஸ் கேட்ட கடிதம் கிடைத்துவிட்டது. எழுதியது படக்கருவி, பெற்றுக்கொண்டவர் பார்வையாளர். ஒரு சொல்லும் கூட்டாத நேர்மையான இயக்குநர்கூட இதைத் தவிர்க்க முடியாது. இது அவர் செய்யும் மோசடியும் அன்று. எடுத்துக்கொண்ட வடிவத்தின் விளைவு.

இரண்டாம் வாரமே, 1959 ஜனவரி 27 அன்று, ஒளிபரப்பான டைட்டானிக் பகுதி நல்ல எடுத்துக்காட்டு. குளிர்நீரில் மூழ்குவதாகக் கனவு காணும் ஆங்கிலேய மணப்பெண்ணிடம், தேன்நிலவுக்கு டைட்டானிக்கில் இடம் பிடித்திருப்பதாக மகிழ்ச்சியோடு சொல்கிறான் மணமகன் (பின்னாளில் ‘தி அவெஞ்சர்ஸ்’ தொடரால் புகழ்பெற்ற பேட்ரிக் மக்னீ). கப்பலின் பெயரைக் கேட்டதுமே பார்வையாளருக்கு முடிவு தெரிந்துவிடுகிறது, பாத்திரத்துக்குத் தெரியவில்லை. அக்கனவின்மேல் நமக்கு விழும் நம்பிக்கை கனவால் வந்ததல்ல, 1912 ஏப்ரலில் நடந்தது என்ன என்பது நமக்குத் தெரியும் என்பதால் வந்தது. அந்த ஆண்டுகளில் அமெரிக்கர்களுக்கு அது நன்றாகவே தெரியும்: வால்டர் லார்டின் ‘எ நைட் டு ரிமெம்பர்’ நூல் 1955இலும் அதன் திரைவடிவம் 1958இலும் வெளிவந்து, கப்பலை மறுபடி பேச்சுப்பொருளாக்கியிருந்தன.

டைட்டானிக் தொடர்பாக அச்சில் முன்பே இருந்த தடயம் ஒன்று உண்டு என்று இங்கே மறுப்பு எழலாம். மார்கன் ராபர்ட்சன் 1898இல் எழுதிய ‘ஃப்யூட்டிலிட்டி’ குறுநாவலில் ‘டைட்டன்’ என்ற பெருங்கப்பல் ஏப்ரல் மாதம் வட அட்லாண்டிக்கில் பனிப்பாறையில் மோதி மூழ்குகிறது. உயிர்காக்கும் படகுகள் போதவில்லை. லார்ட் தம் நூலின் முன்னுரையிலேயே இதைக் குறிப்பிட்டிருக்கிறார். தேதி உறுதியானது, ஆகவே நம் அளவுகோலில் இது தேறுகிறது. தேறியபின் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதற்கு முன்னுணர்வு தேவையா? ராபர்ட்சன் கப்பல்களில் வேலை பார்த்தவர். கப்பல்கள் ஆண்டுக்காண்டு பெருத்துவந்ததும், படகுகளின் எண்ணிக்கை பற்றிய விதி அதற்கு ஈடுகொடுக்காததும் அத்தொழிலில் இருந்தவர்களுக்குத் தெரிந்த சேதி. வட அட்லாண்டிக்கில் ஏப்ரல் பனிப்பாறைக் காலம். மேலும் ஒற்றுமைகளை எண்ணுபவர்கள் வேற்றுமைகளை எண்ணுவதில்லை: டைட்டன் தன் முதல் பயணத்தில் மூழ்கவில்லை, அதில் பிழைத்தவர்கள் வெறும் 13 பேர், டைட்டானிக்கில் 700க்கும் மேல். 1912இல் மறுபதிப்பானபோது கதைக் கப்பலின் எடையும் குதிரைத்திறனும் கூட்டப்பட்டன என்பதையும் மறக்கலாகாது. ஒரே நூலின் இரு பதிப்புகளே ஆவணம் எப்படி நிகழ்வுக்கேற்ப வளர்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன.

5. லிங்கனின் இரண்டு கனவுகள்

1960 மே 31 அன்று ஒளிபரப்பான லிங்கன் பகுதி இந்த வாதத்துக்கு இன்னும் வளமானது. குடியரசுத் தலைவர் மாளிகையில் அழுகுரல் கேட்டுப் போய்ப் பார்க்கிறார் லிங்கன். கிழக்குக் கூடத்தில் ஒரு பிணம். யார் என்று கேட்டால், கொலையுண்ட தலைவர் என்கிறான் காவலன். அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த இக்கனவின் மூலம் ஒருவரே: லிங்கனின் நண்பர் வார்டு ஹில் லேமன். அவர் சொன்னது 1880களில்தான் வெளியே வருகிறது. 1895இல் அவர் மகள் தொகுத்த நூலில் நிலைபெறுகிறது. அதாவது கொலைக்குப் பல்லாண்டுகள் பின். லேமன் தரும் காலக்கணக்கைப் பின்தொடர்ந்தால், கனவு கண்டதாகச் சொல்லப்படும் நாட்களில் லிங்கன் மாளிகையிலேயே இல்லை. மார்ச் இறுதியிலிருந்து ஏப்ரல் 9 வரை வர்ஜீனியாவின் சிட்டி பாயிண்டில், படைத்தளபதி கிராண்டின் தலைமையிடத்தில் இருந்தார்.

ஆனால் லிங்கன் கனவு ஒன்றைச் சொன்னதற்கு உறுதியான, உடனடியான பதிவு வேறொன்று இருக்கிறது. கொலை நடந்த 1865 ஏப்ரல் 14 அன்று காலை அமைச்சரவைக் கூட்டத்தில் அவர் சொன்னதை, கடற்படைத்துறைச் செயலர் கிடியன் வெல்ஸ் அடுத்த சில நாட்களுக்குள் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஏதோ ஒரு கலத்தில் ஏறித் தெளிவில்லாத கரையை நோக்கி விரைந்து போவதாகக் கனவு. அப்போது நடந்த உள்நாட்டுப் போரின் பெரிய நிகழ்ச்சிகள் பலவற்றுக்கு முன்பும் இதே கனவு வந்தது என்றார் லிங்கன். தளபதி ஷெர்மனின் படையிலிருந்து நல்ல செய்தி வரப்போகிறது என்று பொருளும் சொன்னார். இரண்டையும் அருகருகே வைத்தால் நிலைமை விளங்கும். பதிவான கனவில் மரணம் இல்லை. கண்டவரே நற்செய்தி என்றுதான் எண்ணினார். மரணம் உள்ள கனவுக்குக் காலத்தோடு ஒட்டிய பதிவு இல்லை. நாடகத்துக்கு எது வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆவணம் எவ்வளவு பலமாகிறதோ, கதை அவ்வளவு மெலிகிறது. தொடர் வாரந்தோறும் எதிர்கொண்ட சங்கடம் இதுவே.

6. எதிர்வாதங்கள்

முதல் எதிர்வாதம்: இது பொழுதுபோக்கு, பார்த்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள், நீதிமன்ற அளவுகோலை இங்கே கொண்டுவருவது அபத்தம். செர்லிங் தொடர் என்றால் இதற்கு மறுமொழி இல்லை. நியூலண்டோ தாமாகவே சாட்சிக் கூண்டில் ஏறி நின்றவர். உயிரோடு இருந்த, தொழில்முறை ‘ஞானதிருஷ்டிக்காரர்’ ஒருவரையும் தொடர் அதே கூண்டில் ஏற்றியது: 1960 ஏப்ரலில் இரண்டு வாரம் ஓடியது பீட்டர் ஹர்காஸின் கதை. நெதர்லாந்துக்காரரான ஹர்காஸ், 1941இல் ஏணியிலிருந்து விழுந்த பிறகு தமக்கு அபூர்வ ஆற்றல் வந்ததாகச் சொல்லிக்கொண்டவர். அவர் துப்புத் துலக்கியதாகக் கூறிய வழக்குகளை டச்சுப் பத்திரிகையாளர் பீட் ஹைன் ஹூபன்ஸ் பிற்காலத்தில் அந்நாட்டிலேயே விசாரித்தபோது பல கூற்றுகள் நிற்கவில்லை. 1964இல் பாஸ்டனில் பெண்களைத் தொடர்ந்து கழுத்து நெரித்துக் கொன்றவனைத் தேடும் வேலைக்கு அவரை அழைத்தார்கள்; அவர் சுட்டியது வேறொரு மனிதரை. பொழுதுபோக்கு என்ற சலுகை, விசாரணை அலுவலகத்துக்குள் நுழையப் பயன்படும் நற்சான்றாக மாறும்போது, அளவுகோலும் கூடவே நுழைவது நியாயம்தான்.

இரண்டாம் எதிர்வாதம் கனமானது: காலத்தோடு ஒட்டிய சாட்சியம் உள்ள நிகழ்வுகளும் உண்டே. உண்டு. கானன் மிடில்டன் என்ற பிரிட்டிஷ் வணிகர் டைட்டானிக்கில் பயணச்சீட்டு எடுத்தபின், கப்பல் கவிழ்ந்து மிதப்பதாகக் கனவு கண்டார். விபத்துக்கு முன்பே வேறு சிலரிடம் சொல்லியிருந்ததை உளவியல் ஆய்வுச் சங்கம் 1912இலேயே அவர்களிடம் கேட்டு உறுதி செய்துகொண்டது. அவர் பயணத்தைக் கைவிட்டது மட்டும் கனவுக்குப் பயந்து அல்ல. வணிகக் காரணமாக அமெரிக்காவிலிருந்து வந்த தந்தியால். இப்படி ஒன்றிரண்டு தேறும்போது வேறொரு கணக்கு குறுக்கே வருகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று நம்மவர்கள் சொல்வதை, இயற்பியலாளர் லூயிஸ் அல்வாரஸ் 1965இல் ‘சயின்ஸ்’ இதழுக்கு எழுதிய கடிதத்தில் எண்ணாக்கினார்: தெரிந்த ஒருவரை நினைத்த ஐந்து நிமிடத்துக்குள் அவர் இறந்த செய்தி வந்துசேரும் அனுபவம், அமெரிக்காவில் வெறும் தற்செயலாகவே நாளொன்றுக்குப் பத்துப் பேருக்கு நேரும். இது முன்னுணர்வைப் பொய்யென்று நிறுவிவிடாது. நியூலண்ட் சொன்னதில் அந்தப் பாதி சரியே. ஆனால் பொய்யென்று நிறுவமுடியாமை எந்தக் கூற்றுக்கும் எளிதில் கிடைக்கும் தகுதி. அதைச் சாட்சியத்தின் இடத்தில் உட்காரவைத்ததுதான் தவறு.

மூன்றாவது: ஒளிபரப்புக்கு இதைத் தவிர வேறு வழி இருந்ததா? இருந்தது. 1937, 1938 ஆண்டுகளில் ஸெனித் வானொலி நிறுவனம் நேயர்களைக் கொண்டே தொலையுணர்வுச் சோதனை நடத்தி, அஞ்சலில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்றது. அனுப்பிய வரிசைகள் சிலவற்றுக்கு வந்த வியப்பூட்டும் ‘வெற்றி’, மனிதர்கள் ஊகிக்கும்போது இயல்பாகத் தேர்ந்தெடுக்கும் வரிசைகளோடு அவை ஒத்துப்போனதால் வந்தது என்று உளவியலாளர் லூயிஸ் குட்ஃபெல்லோ 1938இல் காட்டினார். ட்யூக் பல்கலைக்கழகத்தில் ஜே.பி. ரைன் செய்த அட்டைச் சோதனைகளும் இப்படியானவையே: 25 அட்டை, ஐந்து குறிகள், தற்செயலாகவே ஐந்து சரியாகும், பல ஆயிரம் முறைகளில் அந்த ஐந்து சற்றே உயர்கிறதா என்பதே பேச்சு. இதில் நாடகம் ஏது?

‘ஒன் ஸ்டெப் பியாண்ட்’ ஒரே ஒருமுறை இந்தப் பக்கம் வந்தது. 1961 ஜனவரி 24 அன்று நடிகர்கள் இல்லாத ஆவணப்படமாக ஒரு பகுதி ஒளிபரப்பாயிற்று. மெக்சிகோவின் புனிதக் காளான்களைத் தேடி, இத்தகைய ஆற்றல்களை ஆராய்ந்துவந்த ஆண்ட்ரியா புஹாரிச்சுடன் சென்ற குழுவில் நியூலண்டும் இருந்தார். திரும்பி வந்தபின் படக்கருவி முன்னிலையில் தாமே காளானைத் தின்று, புலன்கடந்த அறிவுக்கான சில சோதனைகளுக்கு உட்பட்டார். இக்காளானின் வேதிப்பொருளை ஆல்பர்ட் ஹாஃப்மன் பிரித்தெடுத்து மூன்றாண்டுகூட ஆகாத காலம். 96 பகுதிகளில் படக்கருவி விளைவுக்கு முன்பே சென்று காத்திருந்தது இதில்தான் எனலாம். முந்திச் சென்ற அதற்குக் கிடைத்தது சிவந்த முகத்தோடு மயங்கிச் சிரிக்கும் ஒரு மனிதரும், எதையும் தீர்மானிக்கப் போதாத சில ஊகங்களுமே. ஆனாலும் பார்வையாளர் முன்னிலையில் நடந்ததை நடந்தபடி காட்டிய துணிவுக்காக, தொடரின் மற்ற எந்தப் பகுதியைவிடவும் இதற்கே மதிப்புத் தரவேண்டும்.

இன்னஸ் கேட்ட கடிதங்களை உண்மையிலேயே சேர்த்தவர்கள் தொடர் நின்றபின் வந்தார்கள். 1966 அக்டோபர் 21 அன்று வேல்ஸின் அபர்ஃபான் கிராமத்தில் நிலக்கரிக் கழிவுமேடு சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்தார்கள். முன்பே உணர்ந்தவர்கள் எழுதலாம் என்று மனநல மருத்துவர் ஜான் பார்க்கர் கேட்டதற்கு 76 கடிதங்கள் வந்தன. எல்லாம் நிகழ்வுக்குப் பின் வந்தவை என்ற குறை அவருக்கே உறுத்தியது. ஆகவே 1967இல் ‘ஈவினிங் ஸ்டாண்டர்ட்’ நாளிதழின் அறிவியல் செய்தியாளர் பீட்டர் ஃபேர்லியுடன் சேர்ந்து, முன்னுணர்வுகளை நிகழ்வுக்கு முன்பே பதிவுசெய்யும் அலுவலகம் ஒன்றைத் திறந்தார். வந்துசேர்ந்தவை நூற்றுக்கணக்கானவை, பெரும்பாலானவை பலிக்கவில்லை. அதிகம் பலித்ததாகக் கருதப்பட்ட இருவர் பார்க்கரின் உயிருக்கே ஆபத்து என்று எச்சரித்திருந்தார்கள். அவர் 1968இல் 44 வயதில் மூளை இரத்தக்கசிவால் இறந்தார். இந்த எச்சரிக்கையை எடுத்து, பின்னணி இசையோடு, அரைமணி நேரத்துக்குள் யாரும் படமாக்கிவிடலாம். அதன் எடை என்ன என்று அறிய வேண்டுமானால், அதே கோப்பில் கிடக்கும் பலிக்காத மற்றவற்றையும் ஒன்றுவிடாமல் படித்தாக வேண்டும்.